சுண்ணாம்புக்கு அடியில் கால்கள்

நான் வேலை பார்த்த பதுளைக் கந்தோருக்குப் புதிய அளவைக் கருவி ஒன்று வந்திருக்கிறது. மூன்று காலில் அதை நிறுத்திவிட்டு வெளியே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தால், கட்டடம் முழுவதும் கணினிக்குள் போயிருக்கும். அது வந்த சந்தோஷத்துக்குப் பாற்சோறு கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். பாற்சோற்றுக் கையோடு ஒருவர் கருவியின் கண்ணாடியைத் தடவியதைப் பார்த்து எனக்குப் படபடப்பு வந்தது. வேறு யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் புதிய உத்தியோகத்தர்கள் இருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "ஐயா, உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டப்படுத்தின கட்டடம் எது?" என்று கேட்டார்கள். நமுனுகுலத் தோட்டத்துக் கம்புக்கூடம் என்றேன். "அதா? அது நம்ம ஸ்டோர் ரூம் அளவுதானே இருக்கும்!" என்று சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் தவறில்லை. அங்கே என்ன நடந்தது என்று எங்கள் கந்தோரில் இப்போது யாருக்கும் தெரியாது. அதனால் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதுளைக் கடைவீதியில் எங்களுக்கு இரும்புக்கடை இருந்தது. ஆணி, திருகாணி, பிணைச்சல் எல்லாம் எண்ணிக் கொடுக்கும் வியாபாரம். எண்ணும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். கோயிலுக்குப் போனால் தூண்களை எண்ணுவேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படம் வரையப் படித்து, சில இடங்களில் தற்காலிக வேலை பார்த்து, கடைசியில் பழைய கட்டடங்களை அளந்து பாதுகாக்கும் பிரிவில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். அங்கே எனக்கு வாய்த்த மேலதிகாரி ஏக்கநாயக்க சேர்.

சேர் சிங்களவர், அவருடைய அப்பா பசறைத் தபாற்கந்தோரில் வேலை செய்தவர். அதனால் சேர் பேசும் தமிழ் பசறைச் சந்தைத் தமிழாக இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த கச்சான் கடலை ஒரு பொட்டலம். எங்கே போனாலும் முதலில் அதைப் பிரித்து எல்லோருக்கும் கொடுப்பார். வாய் மென்றுகொண்டிருந்தால் மனுஷன் பொய் சொல்லச் சோம்பல்படுவான் என்பது அவர் எண்ணம். ஒரே கேள்வியை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்பார். கோபம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும். அவர் கிசுகிசுப்பாகப் பேசினால் நாங்கள் நடுங்குவோம்.

நான் சேர்ந்த புதிதில் பதுளைக்குப் பக்கத்தில் வழிப்போக்கர் தங்கும் ஓர் அம்பலத்தை அளக்கப் போனோம். நாடாவை எடுத்தேன். "வைங்க சிவா அத" என்றார். "கட்டடம் எங்கயும் ஓடிராது. ஆளுங்க எங்க நிக்கிறாங்க, எங்க குந்துறாங்க, அத முதல்ல பாருங்க." முழுப்பகலும் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்தேன். காலில் அட்டை மூன்று ஏறியது. வந்தவர்கள் எல்லோரும் மேற்குப் பக்கத்துக் குட்டைச் சுவரில்தான் உட்கார்ந்தார்கள். நாங்கள் இரும்புக் கம்பி அடித்து மறைக்கத் திட்டமிட்டிருந்த இடம் அதே சுவர். திட்டத்தை மாற்றினோம். இன்றும் அந்தச் சுவரில் ஆட்கள் உட்காருகிறார்கள். சேரிடம் நான் கற்ற வேலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாடா.

கம்புக்கூடம் என் கைக்கு வந்தது, ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. பசறையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில், தேயிலை மலைக்கு நடுவே, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே ஒரு நீளமான கற்கட்டடம். உள்ளே மண் தரை. குறுக்கே ஒரு வளைமரம் கூட இல்லாத உயரமான கூரை. கம்பு மேலே சுற்றும்போது எதிலும் இடிக்கக்கூடாது என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே சிலம்பம் பழகக் கட்டியது என்று தோட்டத்தில் சொல்வார்கள். தோட்ட நிர்வாகமோ, அது உரம் போட்டு வைத்த ஸ்டோர், பிறகுதான் ஆட்கள் உள்ளே புகுந்து கம்பு சுற்றத் தொடங்கினார்கள் என்றது. சுற்றுலா ஊரான எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் இப்போது நமுனுகுலப் பக்கமும் வருவதால், அதைத் தங்குமிடமாக மாற்ற ஒரு கம்பெனி கேட்டிருந்தது. சிலம்பக்கூடம் என்று நாங்கள் உறுதிசெய்தால் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகும். இல்லாவிட்டால் கம்பெனிக்குப் போகும்.

முதல் தடவை நான் தனியாகப் போனேன். உள்ளே கம்போடு கம்பு மோதும் சத்தம். வாசலில் நின்று தலைகளை எண்ணத் தொடங்கினேன். நடுவில் நின்ற பெண் என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, செருப்ப வாசல்லயே விடுங்க. எண்ணுறத உள்ள வந்து எண்ணலாம்" என்றாள்.

அவள்தான் முத்துலெட்சுமி. நாற்பது வயதிருக்கும். பகலில் கொழுந்து பறிப்பவள். பின்னேரம் கூடத்தின் வாத்தியார். சின்னவர் பெரியவர் எல்லோரும் அவளை 'வாத்தியாரு' என்றுதான் கூப்பிட்டார்கள். பழகியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், மலையிலிருந்து இறங்கியதும் கூடையை வைத்துவிட்டு வந்தவர்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை. இடம்தான் போதவில்லை. இரண்டு வரிசை சுற்றும்போது மூன்றாவது வரிசை வெளியே காத்திருந்தது.

"மைதானத்துல பழகக்கூடாதா?" என்று கேட்டேன்.

"மைதானமா? இந்த மலையில நாலு பேரு கம்பு சுத்துற அளவுக்குச் சமதரை எங்க இருக்குன்னு காட்டுங்க ஐயா, இப்பவே போறோம். பாதி நாளு மழை, மீதி நாளு பனி. இத விட்டா எங்களுக்கு வேற தரை இல்ல."

நாங்கள் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தால் கம்பெனி தொட முடியாது என்று ஆறுதல் சொன்னேன். அறிவித்த பிறகு என்ன நடக்கும் என்று கேட்டாள். வழக்கமான முறையைச் சொன்னேன்: பழைய தரையை மிதிக்க விடமாட்டோம், கயிறு கட்டுவோம், கதவுக்குப் பூட்டுப் போடுவோம், பார்க்க வருபவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

அவள் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். "தொரை பூட்டுனாலும் பூட்டுதான், நீங்க பூட்டுனாலும் பூட்டுதான். எங்களுக்கு என்ன ஐயா வித்தியாசம்?"

நான் திரும்பிக்கொண்டேன். சுவரைப் பார்த்தேன்.

நான்கு சுவர்களிலும் செங்காவியில் பாதங்கள். வலது பாதம் நிறைத்து, இடது பாதம் வெறும் கோடாக, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடு இழுத்து. எந்தக் காலை எங்கே வைத்து எப்படித் திரும்புவது என்று காட்டும் அடிவரிசைகள். பழகுபவர் சுவரைப் பார்த்தபடி நின்று, அதில் உள்ளபடி தரையில் கால் வைப்பார். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு வரிசை. இதைவிடச் சாட்சி வேறு வேண்டாம் என்று எனக்கு மனம் குளிர்ந்தது. வடக்குச் சுவரை அளவோடு வரைந்தேன்; பத்தொன்பது பாதங்கள். அதற்குள் மூடுபனி இறங்கி உள்ளே இருட்டிவிட்டது. மற்றச் சுவர்களைக் கைபேசியில் மங்கலாகப் படம் எடுத்துக்கொண்டு, கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயத்தில் ஓடினேன்.

அடுத்த மாதம் முடிவு சொல்லும் குழு புறப்பட்டது. ஏக்கநாயக்க சேர், ஒரு பேராசிரியை அம்மா, நான். குழுவின் விதி, கண்ணால் கண்டதை மட்டுமே எழுதலாம். படங்கள் துணைக்குத்தான். வான் வண்டியில் போகும்போது அந்தச் சுவர்களைப் பற்றிப் பேராசிரியை அம்மாவிடம் நான் ஓயாமல் பேசினேன். கடைசி வளைவில் என் பேச்சு நின்றது. காற்றில் சுண்ணாம்பு வாசம்.

பாதையோரக் கற்கள் எல்லாம் வெள்ளை. இரண்டு பலாமரங்களுக்கு இடுப்பு வரை வெள்ளை. வடிகான் விளிம்பு வெள்ளை. படுத்திருந்த ஒரு நாயின் வாலில் கொஞ்சம் வெள்ளை. கம்புக்கூடத்தின் வாசலில் தோட்டத் தொழிலாளர் தலைவர் ராமையா மாலையோடு நின்றார். வேட்டி சட்டை புதிது. பாதங்கள் மட்டும் சுண்ணாம்பில் ஊறி வெளுத்திருந்தன.

"எப்பிடிங்கய்யா இருக்கு?" என்றார் பெருமையோடு.

உள்ளே ஓடினேன். நான்கு சுவர்களும் கண்ணைக் கூசவைத்தன. ஒரு பாதம் கூட இல்லை.

படியில் முத்துலெட்சுமி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் மலைக்குப் போயிருந்த நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. "மாமா, ஒங்களுக்குக் கோடி கும்புடு" என்றாள் தலைவரைப் பார்த்து. "எல்லாத்தையும் அடிச்சீங்களே, ஒங்க வாயிலயும் ரெண்டு பூச்சுப் பூசியிருக்கலாம்ல."

"ஏண்டி கத்துற? பெரிய ஆளுங்க வர்றாங்க, அழுக்குச் சுவத்தையா காட்டச் சொல்ற? தொரை ஒருத்தர் வர்றாருன்னா லயத்துக்கே சுண்ணாம்பு அடிக்கிறோம். இது கம்புக்கூடம்டி! இதுக்கு அடிக்காம விட்டா ஊரு என்னைய என்ன சொல்லும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. தோட்டத்தில் பெரியவர் யாராவது வந்தால் முதல் மரியாதை சுண்ணாம்புதான். அந்த மரியாதையைத்தான் எங்களுக்கும் செய்திருந்தார். முந்திய தடவை வந்தபோது 'சுவரைத் தொடாதீர்கள்' என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அழித்துவிடுவார்கள் என்று பயப்படலாம். அழகுபடுத்துவார்கள் என்று யார் பயப்படுவார்கள்?

தோட்டத்தை நடத்தும் துரையும் வந்து சேர்ந்தார். இளைஞர், பண்பானவர். சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணும் காணலியே சேர்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

சேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கச்சான் பொட்டலத்தைப் பிரித்துத் தலைவருக்குத்தான் முதலில் கொடுத்தார். பிறகு முத்துலெட்சுமியிடம், "வாத்தியாரம்மா, சுவத்துல இருந்தது என்ன?" என்று கேட்டார்.

அவள் எழுந்தாள். மூலையில் மீதிச் சுண்ணாம்போடு பீப்பாய் நின்றது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு கால்களையும் அதில் நனைத்தாள். "சுவத்துலதான மாமா அழிச்சீங்க? எங் கால்ல அழிங்க பாப்போம்!"

"நில்லுங்க" என்றார் சேர். அவர் குரல் தாழ்ந்திருந்தது. எல்லோரும் நின்றோம். "கோவத்துல வேணாம். முறையாச் செய்வோம்."

நான் வரைந்த படத்தை முத்துலெட்சுமி பார்த்ததில்லை. அதை மடித்தபடியே பேராசிரியை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். "அவங்க முடிக்கிற வரைக்கும் நீங்க பிரிக்க வேணாம்" என்றார். அளவுகோலைத் துரையின் கையில் கொடுத்தார். பிறகுதான் வடக்குச் சுவர் வரிசையை அடிக்கச் சொன்னார்.

அவள் வெள்ளைச் சுவரைப் பார்த்து வணங்கி, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தொடங்கினாள். மெதுவாகத்தான் அடித்தாள். கருத்த மண்ணில் ஒவ்வொரு பாதமும் பால் சிந்தியது போல் விழுந்தது. சுண்ணாம்பு தீரத் தீரப் பீப்பாயில் நனைத்துக்கொண்டு, விட்ட இடத்திலேயே வந்து நின்றாள். முடிந்ததும் மூச்சு வாங்காமல் ஒதுங்கினாள்.

பேராசிரியை அம்மா படத்தைப் பிரித்தார். துரை அளந்து சொல்ல, அவர் படத்தில் தொட்டுக்கொண்டே வந்தார். திசை சரி. இடைவெளி சரி. வலது, இடது சரி. துரையின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினெட்டோடு தரையில் பாதங்கள் முடிந்துவிட்டன.

"ஒண்ணு குறையுதே" என்றார் பேராசிரியை அம்மா. படத்தில் ஒரு பாதம், மற்றவற்றுக்கு நேர் எதிராகத் திரும்பி, தனியாக நின்றது. அதற்குக் கோடும் இல்லை. நான் இல்லாததை வரைந்துவிட்டேனா? சுவரில் அப்படித்தான் இருந்தது என்று யாரிடம் காட்டுவேன்?

முத்துலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "அது எங் காலு இல்லீங்க."

"பின்ன யாரு காலு?"

"என்னைய அடிக்க வர்றவன் காலு." சுற்றிப் பார்த்தாள். "மாமா, வாங்க. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாங்க. சுவத்துக்குத்தான் மரியாத செஞ்சீங்க, இப்ப எனக்குச் செய்ங்க."

ராமையா தலைவருக்கு எழுபதுக்கு மேல். மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டு ஒரு கம்பை எடுத்தார். எதிரே போய் நின்றார். அவள் மறுபடி வரிசையைத் தொடங்கினாள். நடுவில் ஓர் இடத்தில் அவள் கம்பு தாழ்ந்து சீறியது. கிழவர் தடுத்துக்கொண்டு ஒரே ஒரு கால் பின்வாங்கினார். 'டக்' என்ற அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"அப்பிடியே நில்லுங்க தலைவரே" என்றார் சேர்.

துரை மண்டியிட்டு அளந்தார். தலைவரின் வெளுத்த பாதத்தின் அடியிலேயே அளவு வந்து முடிந்தது. ஒரு விரல் கூடத் தள்ளவில்லை. துரை எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே, "ஸ்டோர்ல இப்பிடி யாரும் உரம் அடுக்கியிருக்க மாட்டாங்க" என்றார். தலைவர்தான் முதலில் சிரித்தார்.

சிலம்பக்கூடம் என்பது அன்றே உறுதியானது. கம்பெனியின் விண்ணப்பம் நின்றது. ஆனால் முத்துலெட்சுமி என்னிடம் கேட்ட கேள்வி நிற்கவில்லை. பாதுகாத்த பிறகு பூட்டுவதா? பேராசிரியை அம்மா பூட்டத்தான் வேண்டும் என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. மிதித்தால் தரை தேயும்; சுவரில் புதிதாக ஒரு கோடு விழுந்தாலும் பழையது கெடும். சேர் முடிவைத் தள்ளிவைத்தார். "சுண்ணாம்ப எடுங்க சிவா. அவசரம் இல்லாம எடுங்க" என்றார்.

நானும் கந்தோரிலிருந்து வந்த இரண்டு பேரும் மூங்கில் சீவலும் மெல்லிய தூரிகையுமாக உட்கார்ந்தோம். நீர் தெளித்து, ஊற விட்டு, வெங்காயத் தோல் போல உரிப்பது. பெருவிரல் அளவு இடத்துக்கு ஒரு காலைப்பொழுது போகும். தலைவர் தினமும் வந்து ஒரு மூலையில் குற்றவாளி மாதிரி நிற்பார். கிழக்குச் சுவரில் அவர் அடித்த வெள்ளைக்குக் கீழே நாங்கள் அறிந்த செங்காவிப் பாதம் பத்திரமாக வெளிப்பட்டது. அதன் ஓரத்தில் பூச்சு உதிர்ந்த ஓர் இடத்தில், அந்தப் பாதத்துக்கும் கீழே விளக்குப் புகை படிந்த இன்னொரு வெள்ளை. அதற்குக் கீழே வேறு ஒரு செங்காவிக் கோடு. மறுபடி வெள்ளை. மறுபடி காவி. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எண்ணினேன். நம்பாமல் மற்ற இருவரையும் எண்ணச் சொன்னேன். ஏழு வெள்ளைகள்.

தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடிக்குள் நெடுநேரம் பார்த்தார். "அப்ப எனக்கு முன்னாடியே ஆறு கிறுக்கனுங்க இருந்திருக்கானுங்களா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு வந்தாங்கன்னு அடிச்சானுங்களோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய் எல்லோரையும் கூவி அழைத்தார்.

பேராசிரியை அம்மா மறுபடி வந்தார். தனியாக உட்கார்ந்து அந்த இடத்தைப் பார்த்தார். இந்தச் சுவர் ஒருபோதும் சும்மா இருந்ததில்லை. யாரோ வெள்ளையடிப்பார்கள், கூடத்தார் மறுபடி வரைவார்கள், பழைய வரிசையோடு புதிய வரிசை சேரும். அடுக்குக்கு அடுக்கு பாதங்களின் இடம் மாறியிருந்தது. இன்றைய அடுக்கோடு நிறுத்திப் பூட்டினால், எதைப் பாதுகாக்கிறோம்? இதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. அவரே முத்துலெட்சுமியிடம் போய், "நீங்க புதுசா ஏதாவது வரிசை கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"மூணு இருக்குங்கம்மா. எழுதத்தான் எடமில்லாம இருந்துச்சு."

அன்று பிற்பகல் கூடத்துக்குள்ளேயே நின்று சேர் முடிவை வாசித்தார். வடக்கு, கிழக்கு, மேற்குச் சுவர்கள் எங்கள் பொறுப்பு. யாரும் கை வைக்கக்கூடாது, சுண்ணாம்பு உட்பட. தெற்குச் சுவர் கூடத்தாருக்கு. வெள்ளையடிப்பதும் வரைவதும் அவர்கள் விருப்பம். தரையில் வெறுங்காலோடு பழகலாம். தேய்ந்தால் கூடத்தாரே மண் இட்டு இறுக்க வேண்டும். சாவி வாத்தியாரிடம். ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்று ஓர் எண் போட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். சேர் என்னை முறைத்துவிட்டு, எழுதிக்கொண்டார்.

வாசித்து முடித்ததும் தலைவர் தெற்குச் சுவரை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுங்களா சேர்?" என்று கேட்டாள் முத்துலெட்சுமி.

"முடிஞ்சுது."

"அப்ப கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா? மழை இருட்டிக்கிட்டு வருது. ஆளுங்க எல்லாம் எறங்கி வந்துட்டாங்க, எடம் பத்தாது."

சேர், பேராசிரியை அம்மா, துரை, நான், நான்கு பேரும் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஒடுங்கிய தாழ்வாரத்தின் கீழ் வரிசையாக நின்றோம். துரையிடம் ஒரே ஒரு குடை இருந்தது. கொழுந்துக் கூடைகளை இறக்கிவைத்த பெண்கள் எங்களைத் தாண்டி, தரையைத் தொட்டு வணங்கி உள்ளே போனார்கள். தூறல் சாய்வாக அடித்து வாசற்படி நனையத் தொடங்கியது. மண் தரைக்கு ஈரம் ஆகாதே என்று நான் கவலைப்பட்டு வாயைத் திறப்பதற்குள், முத்துலெட்சுமி வந்து கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டாள்.